இரத்தம் எடுக்காமல் இதயத் தழும்பை அளக்கும் எம்ஆர்ஐ: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல், எம்ஆர்ஐ ஸ்கேன் மூலமே இதயத் தசையில் உள்ள தழும்பை அளந்துவிடலாம் என்று ஒரு செய்தி கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதயக் கிளினிக்குக்குப் போய்வருகிறவர்களும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளும் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். செய்தி பொய்யில்லை. ஆனால் அதில் சொல்லப்படும் இரத்தப் பரிசோதனை ஒரேயொரு பரிசோதனை. அதுவும் ஒரு கணக்கைப் போடுவதற்காக மட்டும் எடுப்பது. இது தெரியாமல் சிலர் கிளினிக்கில் எழுதித் தந்த மற்றப் பரிசோதனைகளையும் விட்டுவிடப் பார்க்கிறார்கள். அந்த ஆபத்தை நினைத்துத்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதயத் தசையில் தழும்பு என்கிறார்களே, அது என்ன?

இதயத் தசைக் கலம் ஒன்று செத்துப்போனால் அந்த இடத்தில் புதிதாக ஒன்று வளர்வது மிகமிகக் குறைவு. உடம்பு அந்த இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப்பொருளால் நிரப்பி மூடிவிடும். அதுதான் தழும்பு. அது சுருங்காது. இதயத்துடிப்பை நடத்தும் மின்னோட்டமும் அதன் வழியே ஒழுங்காகப் போகாது. இதயத்தின் பம்பும் பலம் குறைந்து, துடிப்பும் தாறுமாறாகப் போக இது ஒரு காரணம்.

தழும்பு இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, ஓரிடத்தில் திரண்டிருப்பது. மாரடைப்பு வந்துபோன இடம் அப்படித்தான் இருக்கும். மற்றது, தசை முழுவதும் கலங்களுக்கு இடையில் மெல்லிசாகப் பரவியிருப்பது. பல வருடம் கட்டுப்பாட்டில் இல்லாத பிறஷர், சீனி வருத்தம், சுருங்கிப்போன பெருநாடி வால்வு இவையெல்லாம் இந்த இரண்டாவது வகையைக் கொண்டுவரும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இரத்தப் பரிசோதனைக் கதை முழுவதும் இந்த இரண்டாவது வகையைச் சுற்றித்தான் வரப்போகிறது.

காய்ச்சலுக்குப் பிறகும் தழும்பு வருமா? என் தம்பிக்கு டெங்கு வந்தபோது இதயமும் பாதிக்கப்பட்டது என்றார்கள்.

வரலாம். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய காலத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு, வயல்காரருக்கு வரும் எலிக்காய்ச்சல், வேறு பல வைரஸ் காய்ச்சல்கள் இவை சிலருக்கு இதயத் தசை அழற்சியை உண்டாக்கும். பெரும்பாலானோருக்கு அது தானாகவே ஆறிவிடும். சிலருக்குத் தழும்பு மிஞ்சும். காய்ச்சல் மாறி வாரக்கணக்காகியும் படியேற மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் கிளினிக்கில் சொல்ல வேண்டும். அழற்சி இன்னும் இருக்கிறதா, தழும்பாகிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல எம்ஆர்ஐ உதவும், ஏனென்றால் தசையில் ஊறியுள்ள வீக்கத்தையும் அது தனியாகக் காட்டும்.

ஈசிஜியும் எக்கோவும் எடுத்தாயிற்று. அவற்றில் தெரியாதா?

ஓரளவு தெரியும். ஈசிஜியில் பழைய மாரடைப்பின் அடையாளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எக்கோவில் எந்தச் சுவர் அசையவில்லை, பம்ப் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஆனால் அசையாமல் இருக்கும் சுவர் செத்ததா, இரத்தம் போதாமல் சோர்ந்து கிடக்கிறதா என்று எக்கோவில் உறுதியாகச் சொல்வது கடினம். எம்ஆர்ஐயின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

அதற்காக எல்லோருக்கும் எம்ஆர்ஐ தேவையென்று எண்ண வேண்டாம். எக்கோவிலேயே விடை கிடைத்து, அதன்படி மருந்தும் தொடங்கியாயிற்று என்றால் பலருக்கு அது போதும். எம்ஆர்ஐயின் விடையால் சிகிச்சை மாறுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

எம்ஆர்ஐ தழும்பை எப்படிக் காட்டுகிறது?

கையில் ஒரு கானுலா போட்டு, கடோலினியம் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். இது உயிருள்ள கலத்துக்குள் நுழையாது, கலங்களுக்கு வெளியே உள்ள இடத்தில் மட்டும் பரவும். நல்ல தசையில் கலங்கள் நெருக்கமாக இருப்பதால் வெளியிடம் குறைவு, வந்த மருந்தும் விரைவில் கழுவப்பட்டுப் போய்விடும். தழும்பில் கலங்கள் இல்லை, வெளியிடம் அதிகம், மருந்து தேங்கி நிற்கும். மாரி மழை விட்ட பிறகு மணல் தரை சட்டென்று காய்ந்து, பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்குமே, அதுபோல. மருந்து ஏற்றி 10 முதல் 20 நிமிடம் கழித்துப் படம் எடுத்தால் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும்.

அந்த வெள்ளை எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மாரடைப்புத் தழும்பு எப்போதும் இதயச் சுவரின் உட்பக்கத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கம் நோக்கிப் போகும், ஏனென்றால் இரத்தம் அடைபட்டால் முதலில் தவிப்பது உட்பக்கம். அழற்சியால் வந்த தழும்பு பெரும்பாலும் சுவரின் வெளிப்பக்கத்தில் அல்லது நடுவில் இருக்கும். இதயம் பெருத்துப்போகும் நோயில் நடுச்சுவரின் மத்தியில் ஒரு கோடுபோலத் தெரியலாம்.

மாரடைப்புத் தழும்பு சுவரின் பருமனில் எவ்வளவைப் பிடித்திருக்கிறது என்பதும் முக்கியம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரேமண்ட் கிம், ராபர்ட் ஜட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: சுவரின் பாதிக்கு மேல் தழும்பாகிவிட்ட பகுதி, அடைப்பை நீக்கினாலும் பைபாஸ் செய்தாலும் மீண்டும் நன்றாகச் சுருங்குவது அரிது. பாதிக்குக் குறைவென்றால் நம்பிக்கை உண்டு.

சரி, இதில் இரத்தப் பரிசோதனை எங்கே வருகிறது?

மேலே சொன்ன கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இரத்தப் பரிசோதனையின் எண் எதுவும் தேவையில்லை. பக்கத்தில் நல்ல தசை இருந்தால்தான் அதனோடு ஒப்பிட்டுத் தழும்பு வெள்ளையாகத் தெரியும். ஆனால் தழும்பு தசை முழுவதும் பரவியிருந்தால் ஒப்பிடுவதற்கு நல்ல இடமே இருக்காது. படம் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியும், உள்ளே நார் பரவியிருக்கும்.

இதைப் பிடிக்கத்தான் டி1 அளவை என்ற முறை வந்தது. காந்தப் புலத்தில் கலங்கிய தசை தன் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் டி1. மில்லிசெக்கனில் அளப்பார்கள். மருந்து ஏற்ற முன்னும் ஏற்றிய பின்னும், தசையிலும் இதய அறைக்குள் இருக்கும் இரத்தத்திலும் இதை அளந்தால், தசையில் கலங்களுக்கு வெளியே எத்தனை வீதம் இடம் இருக்கிறது என்று கணக்கிடலாம். ரிப்போர்ட்டில் ஈசிவி என்று வருவது இந்த வீதம்தான். சுகமான இதயத்தில் இது ஏறத்தாழ 25% இருக்கும்.

கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடோலினியம் செங்குழியங்களுக்குள்ளும் நுழையாது. ஆகவே இரத்தத்தில் செங்குழியங்கள் எத்தனை வீதம், அவை போக மீதி நீர்ப்பகுதி எத்தனை வீதம் என்று தெரிந்தால்தான் கணக்கு முடியும். அந்த வீதம்தான் ஹீமட்டோகிரிட். டெங்கு வார்டில் ஆளை வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே மணிக்கணக்குப் பார்த்து ஊசி குத்திப் பார்க்கும் பிசிவி என்பதும் இதுவே.

அப்படியானால் இரத்தம் எடுக்காமல் பிசிவியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரத்தத்தின் டி1 நேரத்தை இயந்திரம் எப்படியும் அளக்கிறது. செங்குழியங்கள் கூடிய இரத்தத்தின் டி1 குறைவு, இரத்தசோகை உள்ளவரின் நீர்த்த இரத்தத்தின் டி1 கூட. இந்த உறவு ஓரளவு சீராக இருப்பதால் டி1 ஐ வைத்தே பிசிவியை மதிப்பிட்டுவிடலாம். லண்டன் பார்ட்ஸ் இதய மையத்தில் தாமஸ் ட்ரைபல், ஜேம்ஸ் மூன் குழுவினர் 2016 இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். இரத்தம் எடுத்துப் போட்ட கணக்கோடும், அறுவைச் சிகிச்சையில் எடுத்த இதயத் தசைத் துணுக்குகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நன்றாகப் பொருந்தியது. இப்படி மதிப்பிட்ட பிசிவியை வைத்துப் போடும் ஈசிவியைச் செயற்கை ஈசிவி என்கிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். தசையின் டி1 மருந்துக்கு முன் 1000 மில்லிசெக்கன், பின் 450 என்று வைப்போம். இரத்தத்தின் டி1 முன் 1600, பின் 300. இவற்றின் தலைகீழ்ப் பெறுமானங்களின் (1 ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவது) வித்தியாசத்தை எடுத்தால், தசையில் ஏற்பட்ட மாற்றம் இரத்தத்தில் ஏற்பட்டதில் ஏறத்தாழ 45%. பிசிவி 42 என்றால் நீர்ப்பகுதி 58%. 45 இல் 58% எடுத்தால் ஈசிவி 26. சுகமான இதயம். அதே படங்களுக்குப் பிசிவி 30 என்று போட்டால் ஈசிவி ஏறத்தாழ 32 ஆகிவிடும். இது கூடிய அளவு. படம் ஒன்றே, தசை ஒன்றே, பிசிவி எண் மட்டும் மாறியதால் முடிவு மாறிவிட்டது. அந்த ஓர் எண்ணுக்கு இவ்வளவு கவனம் ஏன் தேவை என்பது இதிலிருந்து தெரியும்.

அந்த மதிப்பீட்டை நம்பலாமா?

பலரைச் சேர்த்துச் சராசரி பார்க்கும் ஆய்வுகளுக்கு நன்றாகவே போதும். ஒரு தனி மனிதருக்கு, அதுவும் எண் எல்லைக்கோட்டில் நிற்கும்போது, நான் தயங்குவேன். உண்மையான பிசிவி 42 ஆக இருக்க, மதிப்பீடு 38 என்று சொன்னால் மேலே போட்ட கணக்கில் ஈசிவி 26 க்குப் பதில் 28 என்று வரும். ஈசிவி 50 என்று வரும் ஒருவருக்கு இந்த இரண்டால் எதுவும் மாறாது. 28 ஆ 30 ஆ என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மாறும். சிறுவர்களையும் இளவயதினரையும் வைத்து 2017 இல் வந்த ஓர் ஆய்வு, இந்த மதிப்பீடு சிகிச்சையைப் பாதிக்கும் அளவுக்குப் பிழைக்கலாம் என்று எச்சரித்தது.

இன்னொன்று. இயந்திரத்தின் காந்தப் பலம், படம் எடுக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் டி1 மாறும். 1.5 டெஸ்லா இயந்திரத்தில் உருவாக்கிய சூத்திரத்தை 3 டெஸ்லாவில் அப்படியே போடக் கூடாது. அந்த மையம் தன் இயந்திரத்தில் தன் நோயாளர்களை வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும்.

தலசீமியா என்ற பிறவி இரத்த நோய், கடும் இரத்தசோகை, அடிக்கடி இரத்தம் ஏற்றுதல், நாட்பட்ட சிறுநீரக நோய் இவற்றில் ஏதாவது இருந்தால் இரத்தம் எடுத்தே பாருங்கள் என்பதுதான் என் கருத்து. கானுலா எப்படியும் போடுகிறார்கள். அதே குத்தில் 2 மில்லிலீட்டர் இரத்தம் எடுத்துவிடலாம், இன்னொரு தடவை நோகப்போவதில்லை. உண்மையில் இந்த முறையின் பெரிய லாபம் ஊசியைத் தவிர்ப்பதில் இல்லை. ஆய்வுகூட முடிவுக்காகக் காத்திருக்காமல், ஆள் இயந்திரத்துக்குள் இருக்கும்போதே கணக்கு வந்துவிடுகிறது. பிசிவி ஆள் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று, படுத்திருக்கும்போது கொஞ்சம் குறைவு. போன வாரம் எடுத்த பழைய எண்ணைப் போடுவதைவிட, படுத்திருக்கும் நேரத்தில் எடுத்த மதிப்பீடு மேல் என்று சொல்லவும் நியாயம் உண்டு.

அப்போ கிரியேட்டினின் பார்க்கச் சொன்னதை விட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

கடோலினியத்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனைதான் கிரியேட்டினின். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களில், தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய்க்கும் பழைய வகைக் கடோலினிய மருந்துகளுக்கும் தொடர்பு இருப்பது 2006 இல் தெரியவந்தது. இப்போது பெரும்பாலும் பாவிக்கும் வளைய அமைப்புள்ள மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. ஆனாலும் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மருந்தை ஏற்றக் கூடாது. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் என்ற எண் 30 க்குக் கீழே இருந்தால் டொக்டர்மார் இரண்டு தடவை யோசிப்பார்கள். எந்த மருந்து, எவ்வளவு, தேவையா என்று.

எங்கள் மாவட்டத்தில் இதை லேசாக எடுக்க முடியாது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் அனுராதபுரப் பக்கம் மட்டும் உள்ள கதையில்லை, திருகோணமலை மாவட்டத்துக்குள் இருக்கும் பதவிசிறிபுரவிலும் அது உண்டு. சீனி, பிறஷர் உள்ளவர்களில் எத்தனையோ பேர் கால் வீங்கும் வரை தங்கள் சிறுநீரகத்தைப் பற்றி அறியாமலே இருக்கிறார்கள். இந்த நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. பிசிவி எண்ணை எம்ஆர்ஐ மதிப்பிடலாம், கிரியேட்டினினை மதிப்பிடாது.

அதேபோல் கொலஸ்ட்ரோல், சீனி, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னதையும் செய்யுங்கள். அவை வேறு கேள்விகளுக்கான விடைகள்.

நெஞ்சு நோவு வந்தால் நேரே எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் இரத்தப் பரிசோதனை வேண்டாம்தானே?

இல்லை. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, வியர்வை என்றால் 1990 க்கு அழைத்து உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூதூர், கிண்ணியா, கந்தளாய், திருகோணமலை எதுவாக இருந்தாலும் சரி. அங்கே முதலில் ஈசிஜி எடுப்பார்கள், பிறகு ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். எம்ஆர்ஐ முக்கால் மணி நேரம் பிடிக்கும் வேலை, அது பிறகு ஆறுதலாகச் செய்வது.

மருந்தும் ஏற்றாமல் பார்க்க முடியாதா?

சில கேள்விகளுக்கு முடியும். மருந்து ஏற்ற முன் எடுக்கும் டி1 எண்ணே நார்ப்பெருக்கமும் வீக்கமும் கூடினால் கூடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதைத்தான் நம்பியிருக்க வேண்டிவரும். ஆனால் கூடியது நாரினாலா, வீக்கத்தினாலா என்று அது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தலசீமியாப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப இரத்தம் ஏற்றுவதால் இதயத்தில் படியும் இரும்பை டி2 ஸ்டார் என்ற எம்ஆர்ஐ முறை அளக்கும். இதற்கு மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. 20 மில்லிசெக்கனுக்கு மேல் என்றால் நல்லது. 10 க்குக் கீழே என்றால் இதயம் செயலிழக்கும் ஆபத்து அதிகம், இரும்பை வெளியேற்றும் சிகிச்சையை உடனே கூட்டுவார்கள். உடம்பில் உள்ள இரும்பைக் காட்ட இரத்தத்தில் பார்க்கும் ஃபெரிட்டின் எண் நன்றாக இருந்தும் இதயத்தில் இரும்பு ஏறியிருக்கலாம். ஆகவே இந்த ஸ்கேனுக்கு டொக்டர் எழுதித் தந்தால் பிற்போடாதீர்கள்.

என் அப்பாவின் தொடையில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. எம்ஆர்ஐக்குள் போகலாமா?

எங்கள் பகுதியில் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2006 இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் இருந்தவர்கள், அதற்கு முந்திய காலங்களில் காயப்பட்டவர்கள் என்று எத்தனையோ பேர் உடம்பில் இரும்போடு வாழ்கிறார்கள். சிலருக்கு அது இருப்பதே மறந்துபோயிருக்கும், சிலர் கேட்டால் சொல்லத் தயங்குவார்கள். பழைய காயங்களைப் பற்றிப் பேசினால் வேறு கேள்விகள் வருமோ என்ற பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் எம்ஆர்ஐ அறையில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே கேட்பது இரும்பைப் பற்றி மட்டும். எப்படி வந்தது என்ற விவரம் ஸ்கேனுக்குத் தேவையில்லை.

செல் துண்டு பெரும்பாலும் உருக்கு, காந்தம் அதை இழுக்கும், திருப்பும். தொடைச் சதையில் பல வருடமாக இறுகிப்போய் இருக்கும் துண்டு பெரும்பாலும் ஆபத்தில்லை. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் உயிருக்கோ பார்வைக்கோ ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே, எத்தனை என்று பார்ப்பார்கள். பிறகு கதிரியக்க வைத்தியர் முடிவு செய்வார். இங்கிருந்து புறப்பட முன்பே சொன்னால் எக்ஸ்ரேயை இங்கேயே எடுத்துக்கொண்டு போகலாம். கொழும்பு வரை போய், வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பப்படுவதை இப்படித் தவிர்க்கலாம்.

வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்தவர்களும் சொல்ல வேண்டும். கண்ணில் தெறித்த இரும்புத் தூள் எப்போதோ ஆறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். காந்தத்துக்குள் அது அசையும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள், பேஸ்மேக்கர் உள்ளவர்கள்?

இதய ஸ்டென்ட் பிரச்சினையில்லை. வால்வு மாற்றியவர்களும் பெரும்பாலும் போகலாம். பேஸ்மேக்கரில் எம்ஆர்ஐக்கு ஏற்றவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. அது வைத்தபோது தந்த அட்டையைக் கொண்டுபோக வேண்டும்.

தாலிக்கொடியைக் கழற்ற வேண்டுமா?

ஆம். தூய தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கலப்புலோகமும் கொளுவியும் இருக்கும், சூடேறவும் படத்தைக் கெடுக்கவும் செய்யும். தாயத்து, அரைஞாண், தலைமுக்காட்டு ஊசி, கொண்டை ஊசி, காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். வீட்டிலேயே கழற்றி நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டுப் போவது மேல். தாலியைக் கழற்ற மனம் இல்லாத அம்மாமார் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், அதில் உலோகம் இல்லாவிட்டால் தடையில்லை.

உள்ளே என்ன நடக்கும்? அம்மாவுக்கு மூடிய இடம் பயம், சிங்களமும் தெரியாது.

நெஞ்சில் ஈசிஜி ஸ்டிக்கர் ஒட்டி, மேலே ஒரு தட்டையான கருவியைக் கட்டி, மேசையோடு குழாய்க்குள் தள்ளுவார்கள். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். சத்தம் அதிகம், காதுக்கு அடைப்பான் தருவார்கள். கையில் ஒரு பந்து இருக்கும், அமுக்கினால் உடனே வருவார்கள். மருந்து ஏறும்போது கை கொஞ்சம் குளிரும். அரிப்பு, வாந்தி உணர்வு, மூச்சிறுக்கம் எது வந்தாலும் பந்தை அமுக்க வேண்டும்.

முக்கியமான வேலை மூச்சைப் பிடிப்பது. ஒவ்வொரு படத்துக்கும் 10 முதல் 15 செக்கன் வரை அசையாமல் மூச்சைப் பிடிக்க வேண்டும். டி1 அளவையில் இடையில் மூச்சு விட்டால் எண்ணே பிழைத்துவிடும். கொழும்பிலோ கண்டியிலோ கட்டளை சிங்களத்தில் வரலாம். ‘ஹுஸ்ம கன்ன’ என்றால் மூச்சை எடுங்கள், ‘ஹுஸ்ம அல்லாகன்ன’ என்றால் பிடியுங்கள், ‘ஹுஸ்ம அரின்ன’ என்றால் விடுங்கள். அம்மாவுக்கு இந்த மூன்றையும் சொல்லிக் கொடுத்து, வீட்டில் படுக்கவைத்து 15 வரை எண்ணிப் பழக்குங்கள். தமிழில் சொல்லச் சொல்லியும் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. அடைபட்ட இடப் பயத்தை முன்பே சொன்னால் லேசான மயக்க மருந்து தருவதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

சாப்பிடலாமா? தேத்தண்ணி குடிக்கலாமா?

தழும்பை மட்டும் பார்ப்பதென்றால் பெரிய கட்டுப்பாடு இல்லை, மையம் சொல்வதைக் கேளுங்கள். இதயத்துக்கு இரத்தம் போகும் அளவையும் கடோலினியம் அல்லாத வேறொரு மருந்து கொடுத்துப் பார்ப்பதென்றால் முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி, கோப்பி, கோலா, சொக்லேட் நிறுத்த வேண்டும், பிளேன்டியும்தான். இதை மறந்ததால் பரிசோதனை தள்ளிப்போவது உண்டு. வழக்கமான குளிசைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்?

கர்ப்பத்தில் கடோலினியத்தைத் தவிர்ப்பார்கள், மிகவும் அவசியம் என்றால் மட்டும். பாலில் போவது மிகச் சிறிய அளவு என்பதால் பாலூட்டுவதை நிறுத்தத் தேவையில்லை.

இதை எங்கே செய்யலாம்?

ஓர் ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ இயந்திரம் இருந்தால் அங்கே இதய எம்ஆர்ஐயும் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். துடிக்கும் இதயத்தைப் படமெடுக்கத் தனி மென்பொருளும், பழகிய கதிர்ப்படவியலாளரும், படித்துச் சொல்லும் வைத்தியரும் வேண்டும். டி1 அளவை இன்னும் ஒரு படி மேலே. உங்கள் இதயக் கிளினிக்கில் எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டு, அந்தத் துண்டோடு போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவில்லை, காத்திருக்க வேண்டிவரும். கொழும்பு என்றால் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மூச்சு வாங்கும் ஆளை இரவுப் பயணத்துக்குப் பிறகு நேரே இயந்திரத்துக்குள் விடாமல், முதல் நாளே போய்த் தங்க முடிந்தால் நல்லது. களைத்துப்போனவரால் மூச்சைப் பிடிக்க முடியாது.

கிளினிக் கொப்பி, பழைய எக்கோ, அஞ்சியோகிராம் ரிப்போர்ட், அண்மையில் எடுத்த கிரியேட்டினின், ஹீமோகுளோபின் முடிவுகள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் ஈசிவி 31% என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

31 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். முதலில் அந்த மையத்தின் சாதாரண எல்லை என்ன என்று பாருங்கள், நல்ல ரிப்போர்ட்டில் அது பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் பிசிவி இரத்தத்தில் எடுத்ததா, மதிப்பிட்டதா என்று கேளுங்கள். மதிப்பிட்டது என்றால், ஸ்கேனுக்குக் கிட்டிய நாளில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டினால் மறுபடி கணக்குப் போடலாம். படங்கள் இருக்கின்றன, எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

ஈசிவி 40 ஐத் தாண்டி, இதயச் சுவரும் தடித்திருந்தால் அமிலோயிட் என்ற புரதம் படியும் நோயை நினைப்பார்கள். அதை உறுதிப்படுத்த இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் கட்டாயம் வேண்டும்.

தழும்பு மாறுமா?

மாரடைப்பில் திரண்ட தழும்பு மாறாது. சுற்றியுள்ள நல்ல தசையைக் காப்பாற்றுவதுதான் மருந்தின் வேலை, அதை அது நன்றாகவே செய்கிறது. பரவிய நார்ப்பெருக்கம் ஓரளவு குறையலாம். சுருங்கிய பெருநாடி வால்வை மாற்றியவர்களில் ஒரு வருடத்தில் அது குறைந்ததை எம்ஆர்ஐயிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். பிறஷரைக் கட்டுப்பாட்டில் வைப்பது, சீனியைக் குறைப்பது, புகையை விடுவது, இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் குளிசைகளைத் தவறாமல் எடுப்பது இவற்றால் பலன் உண்டு. சுகமாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதறுகிறது.

ஒரு வருடத்தில் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். வேறு இடத்தில் எடுக்கலாமா?

முடிந்தவரை அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுங்கள். வேறு இயந்திரத்தில் வரும் டி1 எண்ணை முந்திய எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. முதல் தடவை பிசிவியை இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டாவது தடவையும் இரத்தம் எடுத்தே பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தடவை எடுத்தது, மறு தடவை மதிப்பிட்டது என்று இருந்தால் கூடியது தழும்பா, கணக்கா என்று சொல்ல முடியாமல் போகும். படங்கள் உள்ள சீடியைக் கேட்டு வாங்கி, கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள்.